சிப்பாயின் மனதைப் படிப்பது எப்படி? சரித்திரப் போர்க்கதைகளுக்கு ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறேழு பேர் மண்டபம் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்து நாவல் படிப்போம். ஒருமுறை சோழர் காலத்துப் போர் நாவல் ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். நாயகன் பன்னிரண்டு பேரை வெட்டிச் சாய்த்துவிட்டு, பதின்மூன்றாவது ஆளிடம் வசனம் பேசத் தொடங்கியிருந்தான். எங்களோடு வரும் அண்ணன் ஒருவர் முதுகுளத்தூர் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஏப்பா, மூணு நாளா சண்ட போடுறாரே, இவரு எப்பத்தான் சாப்புட்டாரு?”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதுவரை நான் படித்த போர்க்கதைகளில் வாள் எந்தக் கையில் இருந்தது என்பது வரை நினைவில் இருக்கிறது. அதைப் பிடித்த ஆளின் வயிறும் தூக்கமும் ஒன்றில்கூட நினைவுக்கு வரவில்லை. தவறு எழுத்தாளர்கள் மேல் மட்டும் இல்லை. நாங்கள் படித்த விதமும் அப்படித்தான் இருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் படிக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தேவை ஒரு நாவல், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை. கதை எந்த நாட்டுப் போரைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஆனால் உரசிப் பார்க்கும் கல்லை நம் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

முதல் படி: நாயகனை விடுங்கள், சின்ன ஆளைப் பிடியுங்கள்

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். கிழவன் சேதுபதி காலத்தில் எழும்பிய மண்டபம். அதன் சுவரில் சேதுபதிக்கும் தஞ்சை மராத்தியருக்கும் நடந்த போர் ஓவியமாக இருக்கிறது. அதன் முன்னால் நின்று ஒரு விளையாட்டு ஆடுங்கள். அரசரை விட்டுவிட்டு, கூட்டத்தில் ஏதாவது ஒரு வீரனை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். அவனுக்குப் பெயர் இல்லை. ஓவியருக்கு அவனிடம் வேறு வேலையும் இல்லை, கூட்டத்தை நிரப்பினால் போதும்.

நாவலிலும் அதையே செய்யுங்கள். தளபதி, இளவரசன், ஒற்றன் மூன்று பேரையும் ஒதுக்கிவிட்டு பந்தம் பிடிப்பவன், குதிரைக்குப் புல் அறுப்பவன், படகில் தண்டு வலிப்பவன் என்று ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். அவன் வரும் பக்க எண்களை நோட்டில் குறித்து வையுங்கள். முந்நூறு பக்க நாவலில் அப்படி ஒரு ஆளும் கிடைக்கவில்லை என்றால் அது அரசகுடும்பக் கதை. ரசித்துப் படிக்கலாம், தப்பில்லை. சிப்பாயின் மனதை அதில் தேட வேண்டாம்.

இரண்டாம் படி: சண்டை இல்லாத பக்கங்களில் குறி வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன்.

போர் என்றாலே மோதல் என்று நினைத்துக்கொள்கிறோம். அனுபவப்பட்டவர்களைக் கேட்டால் காத்திருப்பது என்பார்கள். 1801-இல் மருது சகோதரர்களைப் பிடிக்கக் கும்பெனிப் படை (கிழக்கிந்திய கம்பெனியின் படை) சிறுவயலில் இருந்து காளையார்கோயிலை நோக்கிக் காட்டை வெட்டிக்கொண்டு போனது. ஏறக்குறைய ஒரு மாதம் மரம் வெட்டியும் கோட்டையை எட்ட முடியாமல் அந்த வழியைக் கைவிட்டார்கள். பிறகு வேறு பக்கமாக வந்து அக்டோபர் 1 அன்று பிடித்தார்கள். அந்த ஒரு மாதம் சிப்பாயின் உலகம் எப்படி இருந்திருக்கும்? கோடரி, முள், வியர்வை, எந்தப் புதரிலிருந்து குண்டு வரும் என்ற நினைப்பு. காட்டுக்குள் இருந்தவனுக்கோ நாள் முழுக்க மரம் விழும் சத்தம். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் பக்கத்தில் கேட்கும். இந்த மாதத்தை ‘சில வாரங்கள் கழிந்தன’ என்று ஒரே வரியில் தாண்டும் நாவலாசிரியருக்கு என்னிடம் மதிப்பெண் குறையும்.

நம் பழைய புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். முல்லைப்பாட்டில் பாசறை வருகிறது. அங்கே காவல் நிற்பவர்கள் வயதானவர்கள். தூக்கக் கலக்கத்தில் அவர்கள் தள்ளாடுவது, தூறல் காற்றில் பூங்கொடி அசைவது போல இருக்கிறது என்கிறார் நப்பூதனார். காவல் பணியில் கண் சொக்குவதை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் கவனித்திருக்கிறார். அதே பாட்டில் அரசனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அம்பு தைத்த குதிரை காதைச் சாய்த்துக்கொண்டு, தீனி எடுக்காமல் நிற்கிறதே என்ற நினைப்பு அவனுக்கு. நெடுநல்வாடையில் அரசன் நடுராத்திரி வாடைக்காற்றில், குடையில் துளி சொட்டச் சொட்ட, காயம்பட்டவர்களைப் பார்க்கப் போகிறான். முன்னால் போகிறவன் ஒவ்வொருவரையும் வேலால் சுட்டிக் காட்டுகிறான். வெற்றி முழக்கம் இல்லாத காட்சிகள்.

செய்ய வேண்டியது இதுதான். நாவலில் சாப்பாடு, தூக்கம், மழை, செருப்பு, புண், கடிதம், சீட்டாட்டம், சும்மா உட்கார்ந்திருப்பது ஆகியவை வரும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். படித்து முடித்ததும் புள்ளிகளை எண்ணுங்கள். எங்கள் அனுபவத்தில் புள்ளி அதிகமுள்ள நாவல்களில்தான் சண்டைக் காட்சியும் நெஞ்சில் தைக்கிறது. பசித்தவன் என்று தெரிந்தபிறகு அவன் ஓடும்போது நமக்கும் மூச்சு வாங்குகிறது.

மூன்றாம் படி: கையில் என்ன இருக்கிறது?

ஆயுதத்தை அலங்காரமாகப் படிக்காதீர்கள். எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், அவன் முகம் தெரியுமா தெரியாதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பயமும் அந்தத் தூரத்தைப் பொறுத்தது.

நம் பக்கத்து வளரியை, அதாவது கையால் வீசி எறியும் வளைந்த ஆயுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கஜத்துக்குள் குறி தப்பாமல் வீசலாம் என்று எழுதியிருக்கிறார் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி. வீசியதும் கை காலியாகிவிடும். அடுத்தது இடுப்பில் இருக்கிறதா, இல்லை ஓட வேண்டியதுதானா? வளரிக்காரன் மனம் இந்தக் கணக்கிலேயே ஓடும். எதிரே நிற்கும் சிப்பாயிடம் குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம். சுட்டதும் புகை கண்ணை மறைக்கும். அடித்தது யாரை என்றே தெரியாது. திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கி என்றால் மழையில் அது வெறும் தடி, இருட்டில் திரியின் நெருப்பே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது நாவலுக்குத் திரும்புங்கள். திரித்துப்பாக்கிக்காரன் அடைமழையில் சுட்டுக்கொண்டே முன்னேறினால், எழுத்தாளர் ஆயுதத்தை அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

நான்காம் படி: எதற்காக நிற்கிறான்?

புறநானூறு 279-ஐ மேடையில் கேட்காத தமிழர் இருக்க முடியாது. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. முன்பு ஒருநாள் நடந்த போரில் அவள் பிறந்த வீட்டைச் சேர்ந்தவன், யானையை எறிந்து மாண்டான். நேற்று கணவன் போனான். இன்று பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மறத்தாய் என்று கைதட்டிவிட்டு அடுத்த பேச்சாளருக்குப் போய்விடுவார்கள். புலவர் அங்கே ‘விருப்புற்று மயங்கி’ என்று போட்டிருக்கிறார். அந்த ‘மயங்கி’யை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. அப்புறம் இன்னொன்று: அந்தப் பையன் பாட்டில் வாயே திறக்கவில்லை. தலையில் எண்ணெய் வழிய, வேலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பையனுக்குள் என்ன ஓடியது? அங்கே புகுந்து பார்க்கத்தான் புனைகதை என்று ஒன்று இருக்கிறது.

புகும்போது ஒரு ஆபத்து உண்டு. இன்றைய நம் மனதை அவன் தலைக்குள் ஊற்றிவிடுவோம். சேதுபதி சீமையில் படைச் சேவைக்காக நிலம் அனுபவித்த அமரக்காரர்கள் இருந்தார்கள். அழைப்பு வந்தால் போக வேண்டும், போகாவிட்டால் நிலம் கேள்விக்குரியது. அவனை நிறுத்தி வைத்தது நிலம், படைத்தலைவரான சேர்வைக்காரர், பங்காளிகள், ஊர்க் கோயில் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. அவன் வாயில் பள்ளிக்கூடப் பாடப்புத்தக தேசபக்தி வசனம் வந்தால் நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

அதற்காக அந்தக் காலத்தவனுக்குப் பெரிய நினைப்பே கிடையாது என்றும் போய்விடாதீர்கள். 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை எல்லாச் சாதியாரையும் முசல்மான்களையும் சேர்த்து அழைக்கிறது. மீசை வைத்தவர்களையெல்லாம் கூப்பிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம், அது வெள்ளையனிடம் வேலை பார்க்கும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் எல்லோரையும் விளித்துப் பேசுவது. எழுதியவருக்கு எதிரில் நிற்பவன் யார் என்று தெரிந்திருக்கிறது. அவனும் இந்த மண்ணுக்காரன், மாதச் சம்பளம் வாங்குகிறான், ஒருவேளை மனம் மாறுவான். அந்தச் சிப்பாய் அறிக்கையைப் படித்துவிட்டு, இல்லை யாரோ படிக்கக் கேட்டுவிட்டு, ராத்திரி கொட்டகையில் படுத்து என்ன யோசித்தான்? யாராவது இந்த ஒரு இரவை நாவலாக எழுதினால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

இதே கேள்வி இன்னும் கிட்டத்தில் நம் தாத்தாக்கள் காலத்திலும் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பல்லாயிரக்கணக்கில் கூட்டி, இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார்கள். சேர்ந்தவர்கள் உண்டு, சேராதவர்களும் உண்டு. அந்தக் காலத்தைப் பற்றிய நாவலில் சேர்ந்தவன் எல்லாம் வீரன், சேராதவன் எல்லாம் துரோகி என்றோ, அதைத் தலைகீழாகப் போட்டோ எழுதியிருந்தால், எழுத்தாளர் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு ஆளைப் பிறகு படைத்திருக்கிறார். இட்ட சத்தியம், பசி, கூட நின்ற நண்பன் எந்தப் பக்கம் போனான், ஊரில் இருக்கும் குடும்பம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கிற மனதைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: பயத்தைத் தேடுங்கள்

பயமே இல்லாத வீரனை நான் நம்புவதில்லை. அண்ணனும் நம்புவதில்லை.

கலிங்கத்துப்பரணி வெற்றியைப் பாடும் நூல்தான். ஆனால் தோற்று ஓடியவர்களை ஜெயங்கொண்டார் பாடும் இடத்தில் மனித மனம் பளிச்சென்று தெரிகிறது. ஒரு கூட்டம் தலைமயிரைப் பறித்துக்கொண்டு ‘நாங்கள் சமணர்கள்’ என்கிறது. இன்னொரு கூட்டம் வில் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு ‘கங்கையாட வந்தோம், மாட்டிக்கொண்டோம்’ என்கிறது. யானை மணியைத் தாளமாக்கிக்கொண்டு பாணர்கள் என்று சொல்லித் தப்பியவர்களும் உண்டு. புலவர் நம்மைச் சிரிக்கவைக்கத்தான் எழுதினார். இன்று படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. நாண் கொலைக் கருவியின் பாகம். அதையே உயிர் காக்கும் நூலாக மாற்றிக்கொள்ளும் வேகத்தைப் பாருங்கள்.

நாவலில் பயம் எந்த உறுப்பில் வருகிறது என்று குறியுங்கள். வயிறா, முழங்காலா, நாக்கா? ‘அவன் இதயம் படபடத்தது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் அது எல்லாக் கதைக்கும் பொருந்தும் சட்டை.

ஆறாம் படி: எதிர்க்கரைக்குப் போய்ப் பாருங்கள்

இதற்குப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலைவிட நல்ல பாடம் இல்லை. 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் என்றுதான் அதைப் பலருக்குத் தெரியும். 12-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பாண்டியர் வாரிசுச் சண்டையில் தலையிட, இலங்கை அரசன் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனைப் படையோடு அனுப்பினான். அந்தப் படை ராமேஸ்வரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்கு அரசன் பெயரையே வைத்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அதைப் படித்தால் வரிசையாக வெற்றிகள்தான். சிறைப்பட்ட தமிழர்களை அங்கே கொண்டுபோய் ஒரு பெரிய தாதுகோபத்தை (பௌத்தத் தூபியை) பழுதுபார்க்கும் வேலையில் விட்டதையும் அது பெருமையாகவே சொல்கிறது.

இந்தப் பக்கம் காஞ்சிபுரம் அருகே ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. ஈழத்துப் படை ராமேஸ்வரத்தில் கோயில் கதவுகளைப் பெயர்த்து, பூசையை நிறுத்திவிட்டது என்று செய்தி வருகிறது. அந்தப் படை இங்கேயும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எதிரிலிசோழ சம்புவராயர் என்ற சிற்றரசர் நடுங்கிப்போய், ஒரு சிவாசாரியாரிடம் ஓடுகிறார். அவர் 28 நாள் பூசை செய்கிறார். பிறகு எதிரி தோற்றான் என்று சேதி வருகிறது. அதற்காக ஒரு ஊரையே தானம் கொடுத்த பத்திரம்தான் அந்தக் கல்வெட்டு. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ இலங்காபுரனைக் கொன்று தலையை மதுரை வாசலில் வைத்ததாக முழங்குகிறது. சூளவம்சம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இந்தப் போர் நடந்ததை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. யார் எப்படி ஜெயித்தது என்பதில்தான் சண்டை. ஒரே ஆளை ஒரு கரை வெற்றிவீரன் என்கிறது, மறுகரை வெட்டுண்ட தலை என்கிறது. இப்போது பயிற்சி: நீங்கள் படிக்கும் நாவலில் எதிரிப் படையில் ஒருவனைத் தேர்ந்து, அவன் அம்மாவுக்கு அவன் சொல்லி அனுப்பும் சேதியைப் பத்து வரியில் எழுதுங்கள். அவனை ஆளாக நினைக்க முடிகிற அளவுக்கு நாவல் ஏதாவது கொடுத்திருந்தால் எழுத வரும். கொடுக்கவில்லை என்றால் பேனா நகராது.

எங்கள் குழுவில் ஒரு தங்கை, குந்துகாலில் கோட்டைக்கு மண் சுமந்த சிங்களச் சிப்பாயாக எழுதினாள். ‘இங்கே தண்ணீர் உப்புக் கரிக்கிறது அம்மா’ என்று தொடங்கியது. பாம்பன்காரிக்குத் தெரியாதா தண்ணீர்க் கஷ்டம்?

ஏழாம் படி: சண்டைக்குப் பிறகு

வெற்றி முரசோடு முடியும் நாவலை மூடிவைத்துவிட்டு, அடுத்த வருடம் அவன் எப்படி இருப்பான் என்று கேளுங்கள்.

மேலே சொன்ன வெல்ஷ் நினைவிருக்கிறதா? 1795-இல் சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று அவரே 1830-இல் வெளியிட்ட நினைவுகளில் எழுதுகிறார். பிறகு அதே மனிதரைக் காட்டு விலங்கைத் துரத்துவது போலத் துரத்தியதையும், தொடை முறிந்து சிறையில் கிடந்ததைப் பார்த்ததையும், தூக்கில் பார்த்ததையும் சொல்கிறார். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. புத்தகம் வந்ததோ ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. அத்தனை காலம் ஒரு அதிகாரி இதைச் சுமந்திருக்கிறார். அவர் வருந்தித் திருந்தினார் என்று நான் சொல்லவில்லை. கும்பெனி உத்தியோகத்தில்தான் தொடர்ந்தார். விசுவாசமும் நன்றியும் ஒரே மார்புக்குள் அடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன, இரண்டில் ஒன்றும் சாகவில்லை. ஒரு நாவல் இந்த மாதிரி முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவைத்திருந்தால், அதை எழுதியவருக்கு மனிதரைத் தெரியும்.

உங்கள் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. நம் மாவட்டத்தில் பர்மா, மலேயா போய் வந்தவர்கள் இல்லாத ஊர் குறைவு. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எதைச் சொல்கிறார்கள் என்பதோடு எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ‘சரி, காப்பி குடிக்கிறியா’ என்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல போர்க்கதைகளிலும் அப்படிப் பேச்சு நிற்கும் இடங்கள் இருக்கும்.

எட்டாம் படி: அந்த இடத்தில் போய் வாசியுங்கள்

கடைசியாக, முடிந்தால் ஒரு அத்தியாயத்தையாவது வெளியில் வாசியுங்கள். நாங்கள் வேதாளைக்குப் போனோம். 1538 பிப்ரவரியில் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் படகுப்படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்த இடம் அது. மன்னார் வளைகுடாப் பக்கம், எங்கள் வழக்கில் தென்கடல். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளித்தாலும் இங்கே தண்ணீர் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பினால் தலைகீழ். ஒரு கடல்போர்க் கதையில் காற்றுக்குப் பெயரே இல்லை என்றால் எங்கள் மீனவர்கள் அதை இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள்.

அங்கே உட்கார்ந்துதான் ஒன்று புரிந்தது. தண்டு வலிப்பவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்வான். தான் நெருங்கும் எதிரியை அவன் பார்ப்பதே இல்லை. விட்டு வந்த கரைதான் கண்ணில் படும், அதுவும் சின்னதாகிக்கொண்டே போகும். முன்னால் என்ன இருக்கிறது என்பதைத் தலைவனின் குரலிலிருந்தும், எதிரே நிற்பவன் முகத்திலிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இது எந்த நாவலிலும் எனக்குக் கிடைக்காத தகவல்.

அன்று திரும்பும்போது, நான் புள்ளி வைத்திருந்த நாவலை அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் கொண்டுவந்து கொடுத்தார். என் புள்ளிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவர் ஒரே ஒரு பக்கத்தின் முனையை மடித்திருந்தார். காவல் மாற்றும் நேரம், அடுத்தவன் வர ஐந்து நிமிடம் தாமதம், நிற்பவன் அவனை மனதுக்குள் திட்டுகிறான். அவ்வளவுதான் அந்தப் பக்கம். எனக்கு அதில் புள்ளி வைக்கவே தோன்றவில்லை.

“இது ஏண்ணே?” என்று கேட்டேன்.

“வராம போயிட்டான்னா என்ன செய்வேன்னு நெனச்சுத்தான்பா திட்டுவோம்” என்றார். பிறகு அடுத்து என்ன புத்தகம் என்று கேட்டார்.